பஸ்ரியனும் நாலு தடித்த ரயர்களும்

வோபர்ன் என்ற புறநகரில் கார் ஓட்டத் தெரிந்த தமிழரில் பாதிப் பேருக்காவது பழக்கிவிட்டவர் பஸ்ரியன்தான். மற்றப் பாதிப் பேர் அவருடைய நிதானம் தாங்காமல் வேறு ஆளைத் தேடிப் போனவர்கள். சிக்னல் பச்சையாக இருக்கும்போதே, "உது கனநேரமாப் பச்சையா நிக்குது, இப்ப மாறும், காலை எடுங்கோ" என்பார். பெற்றோருக்கு அவரை நிரம்பப் பிடிக்கும். பிள்ளைகள் அவருடைய வகுப்புக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தைந்து வயதில், கதவும் கூரையும் இல்லாத, இரண்டே பேர் ஏறக்கூடிய சிவப்புக் கார் ஒன்றைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரவழைத்துத் தானே பொருத்திப் பூட்டத் தொடங்கினார். பெட்டிகளைப் பார்த்த மனைவி றெஜினா, ஏதோ அலுமாரி என்று நினைத்தார்.

"உதை எங்க வைக்கப் போறியள்?"

"வைக்கிறேல்லை றெஜி. ஓடுறது."

றெஜினா பெட்டிகளை இன்னொருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேநீர் போட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டார் என்பதால் பஸ்ரியன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு குளிர்காலம் கராஜுக்குள் கழிந்தது. உதவிக்கு வந்தவர் பக்கத்து வீட்டு ஜெயரட்ணம். பெரிய வான் வண்டியில் பார்சல் விநியோகிப்பவர். மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்து, அபிப்பிராயம் சொல்வதுதான் அவர் செய்த உதவி. பெரும்பாலும் அதனால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை, ரயர் வாங்கும் நாள் வரும்வரை.

காரோடு வந்த கையேட்டில் ஒடுக்கமான, சின்ன ரயர்தான் சொல்லியிருந்தது. ஜெயரட்ணம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உதென்ன அண்ணை, சைக்கிள் சில்லு மாதிரி. இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிப்போட்டு, மெலிஞ்ச காலோட நிக்க விடப் போறியளே? தடிச்ச ரயரெண்டால்தான் றோட்டைக் கவ்விப் பிடிக்கும்."

'கவ்விப் பிடிக்கும்' என்ற சொல் பஸ்ரியனுக்குப் பிடித்துப்போயிற்று. நிதானமான மனிதருக்கு, கவ்விப் பிடிக்கிற ரயரைவிட வேறென்ன வேண்டும்? கையேட்டை மூடி வைத்துவிட்டு, கடையில் இருந்ததற்குள் தடித்த நாலைத் தெரிந்தெடுத்தார். பூட்டியதும் கார், அண்ணனுடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிற குழந்தை மாதிரித் தெரிந்தது. பஸ்ரியனுடைய கண்ணுக்கு அது கம்பீரமாகப் பட்டது. காற்று எவ்வளவு அடிப்பது என்ற கேள்வி வந்தபோது, தன்னுடைய குடும்ப வானின் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். முப்பத்தைந்து இறாத்தல் அழுத்தம். வானுக்குச் சரியென்றால் காருக்கும் சரிதானே. அடித்தார்.

முதல் பயணம் யூனியன்வில்லில் இருந்த றெஜினாவின் தங்கை அன்ரனெற் வீட்டுக்கு. அங்கே அவருடைய பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்து. றெஜினா தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறுக அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறினார் என்பதைவிட இறங்கினார் என்பதே சரி. அவ்வளவு தாழ்ந்த கார் அது.

தெரு முனை தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. றோட்டில் ஒரு கீறல் இருந்தாலும் கார் அதை ஏறிக் குதித்தது. றோட்டு நடுவிலுள்ள மூடிபோட்ட சாக்கடைக் கிணறுகளில் விழுந்து எழும்பும்போது வட்டிலப்பம் தட்டை விட்டு மேலே போய், திரும்பி வந்து அமர்ந்தது.

"ப-ப-ப்பா," என்றார் றெஜினா. "இ-இ-இது க-க-காரா?"

"பு-பு-புது ரயர். ப-பழகினாச் ச-சரி."

மார்க்கம் வீதியிலிருந்து இடப்பக்கம் திரும்பவேண்டிய இடம் வந்தது. பஸ்ரியன் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் பார்த்து, மறுபடி கண்ணாடி பார்த்து, ஸ்ரியறிங்கை ஒடித்தார். முன்னாலிருந்து ஒரு பெரிய அரைவைச் சத்தம் வந்தது. ரப்பர் மணத்தது. ரயரின் உட்பக்கம் சட்டகத்தில் போய் உரசி நின்றது. அதற்குமேல் ஸ்ரியறிங் அசையவில்லை. பஸ்ரியன் பதறிப்போய் நேராக்கிக்கொண்டு சந்தியைக் கடந்தார். வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தார். வெண்ணெய் போலத் திரும்பியது. ஸ்ரியறிங்கை அவர் பூட்டியபோது ஒரு பக்கம் அரை விரற்கடை தள்ளிப் பூட்டியிருந்தார். மெல்லிய ரயருக்கு அது பொருட்டே இல்லை, தடித்ததற்கு அது பெரிய விஷயம்.

"எங்க போறம்?" என்று றெஜினா கேட்டார். "அன்ரனெற் வீடு அந்தப் பக்கம்."

"தெரியும். வலப்பக்கமாப் போவம்."

வலப்பக்கம் மூன்று தரம் திரும்பினால் இடப்பக்கம் திரும்பியதற்குச் சமம். கணக்கில் பிழையில்லை. ஆனால் வழியில் எத்தனை இடப்பக்கம் இருக்கிறது என்பது, அவை ஒவ்வொன்றும் மூன்று வலப்பக்கமாக மாறும்போதுதான் தெரியவந்தது. ஒரு பஸ் தரிப்பில் கௌசி நின்றிருந்தாள். போன வருடம் அவரிடம் பழகிப் பாஸானவள். முதல் தரம் அவர்கள் கடந்தபோது கை காட்டினாள். இரண்டாம் தரம் கடந்தபோது காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றினாள். மூன்றாம் தரம் சிக்னலில் நின்றபோது கிட்ட வந்தாள்.

"அங்கிள், are you lost?"

"இல்லைப் பிள்ளை. சும்மா வலப்பக்கம் பழகுறன்."

"ஓ." அவள் கொஞ்சம் யோசித்தாள். "Left எப்ப பழகுவீங்கள்?"

பச்சை விழுந்தது. பஸ்ரியன் வாழ்க்கையில் முதன்முறையாக உடனே காரை எடுத்தார்.

அன்ரனெற்றின் வீடு தெருவின் இடப்பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போய், சுற்றி, எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். கேக் வெட்டி முடிந்திருந்தது. வட்டிலப்பத்தை ஒரு கரண்டியால் கிண்ணங்களில் ஊற்றிப் பரிமாறினார்கள். "இது புது மாதிரி, நல்லாயிருக்கு, என்ன போட்டனி?" என்று அன்ரனெற் கேட்டார். "முப்பத்தைஞ்சு இறாத்தல்," என்றார் றெஜினா.

அன்றிரவு பஸ்ரியன் சாப்பாட்டு மேசையில் கையேட்டை மறுபடி விரித்தார். ரயரின் அளவும் காற்றும் காரின் பாரத்தைப் பொறுத்தது என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு சில்லும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று முதலில் நிறுக்கவேண்டுமாம்.

"நிறுக்கிறதுக்கு நாலு தராசு வேணும்," என்றார்.

"குளியலறையில ஒண்டு கிடக்கு," என்றார் றெஜினா. "மிச்சத்தைக் கேட்டு வாங்குவம். ஆனா ஆர் வீட்டுத் தராசு எண்டு வெளிய சொல்லக்கூடாது."

அன்ரனெற் ஒன்று அனுப்பினார். ஜெயரட்ணம் வீட்டிலிருந்து ஒன்று வந்தது. நாலாவது யோகமலர் அக்காவுடையது. தினமும் காலையில் கடைகள் நிறைந்த மோலுக்குள் நடந்து, அந்த வருடம் எவ்வளவு மெலிந்தேன் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பவர் அவர். தராசைத் தன் கையாலேயே கொண்டுவந்து, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கதிரையிலும் அமர்ந்துவிட்டார்.

தராசுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, பஸ்ரியன் ஒரு அரிசி மூட்டையை ஒவ்வொன்றிலும் வைத்தார். மூன்று தராசு ஏறக்குறைய ஒன்றையே சொன்னது. யோகமலர் அக்காவுடையது ஆறு கிலோ குறைத்துச் சொன்னது. ஜெயரட்ணம் கராஜின் கூரையைப் பார்த்தார். பஸ்ரியன் மூட்டையை மெதுவாகத் தூக்கி, மெதுவாகத் திரும்ப வைத்தார். ஆறு கிலோ.

யோகமலர் அக்கா கதிரையில் நிமிர்ந்தார். "தம்பி, அந்த மற்ற மூண்டும் பிழை."

"ஓம் அக்கா," என்றார் பஸ்ரியன். "எனக்கும் அப்பிடித்தான் பட்டது." அந்தத் தராசில் ஏறப்போகும் சில்லுக்கு ஆறு கிலோவை மனதுக்குள் கூட்டிக்கொண்டார்.

காரை ஏற்றி நிறுத்தி, தாமும் உள்ளே அமர்ந்து, ஒருவரும் எண்ணை வாசிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு றெஜினாவையும் அமர்த்தி, ஜெயரட்ணத்தை நாலு தராசையும் கூட்டி மொத்தத்தை மட்டும் சொல்லச் சொன்னார். மொத்தத்தைக் கேட்டதும் பஸ்ரியனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரோடும் சேர்த்து, கார் அவருடைய குடும்ப வானின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ரயர்கள் தங்கள் மேல் ஒரு கார் இருக்கிறது என்பதையே உணர்ந்திருக்காது. நசுங்க வேண்டிய ரயர் நசுங்காவிட்டால், றோட்டைக் கவ்வுவது எப்படி? பந்து மாதிரித் துள்ளத்தான் செய்யும்.

"நான் வானுக்குத்தானே சொன்னனான்," என்றார் ஜெயரட்ணம்.

அடுத்த சனிக்கிழமை ஒடுக்கமான நாலு ரயர் வந்தது. பின்பு காற்று. றெஜினா ரயரின் குறுக்கே சோக்கட்டியால் கோடு இழுப்பார். பஸ்ரியன் தெரு முனைவரை ஓடிவிட்டு வருவார். இருவரும் குந்தியிருந்து பார்ப்பார்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முப்பதில் நடுவில் மட்டும் அழிந்தது. இருபத்தைந்திலும் அப்படியே. பஸ்ரியன் ஒவ்வொரு தடவையும் நோயாளியின் இரத்தம் எடுக்கிற மாதிரி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு காற்றை விட்டார். அவருடைய மனம் பதினெட்டுக்குக் கீழே போகச் சம்மதிக்கவில்லை. கோடும் அங்கேதான் முழுதாக அழிந்தது.

"பதினெட்டு," என்று றெஜினா சோக்கைத் தட்டினார். "பலூனுக்கும் உதைவிடக் கூட அடிப்பினம்."

ஆனால் இம்முறை மூடிபோட்ட கிணறு வந்தபோது கார் மெல்லப் பெருமூச்சு விட்டதுபோல அதைத் தாண்டிற்று. தெரு முனையில் பஸ்ரியன் இடப்பக்கம் ஒடித்தார். உரசல் இல்லை. இன்னொரு இடப்பக்கம். இன்னொன்று. மூன்றாம் சுற்றில் றெஜினா அவருடைய கையைத் தட்டினார்.

"நிப்பாட்டுங்கோ. நான் ஓடப் போறன்."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. றெஜினாவுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவரே பஸ்ரியன்தான். இடம் மாறி அமர்ந்ததும் றெஜினா ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டி, கண்ணாடியை ஒரே தரம் பார்த்துவிட்டு, ஒஷாவா போகிற பெருந்தெருவை நோக்கிக் காரை எடுத்தார். பஸ்ரியனுடைய வலதுகால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி அழுத்தியது.

"உங்க காலுக்கு என்ன?" என்றார் றெஜினா, காற்றுக்கு மேலால் கத்தி.

"ஒண்டுமில்லை," என்றார் பஸ்ரியன். "பச்சை கனநேரமா நிக்குது."

றெஜினா பச்சையைத் தாண்டிப் போனார்.