விற்பதற்காகச் சரிசெய்த கார்

தையற்காரம்மாவுக்கு வேண்டியிருந்தது கார் ஷெட். படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மெஷினைப் போட்டுக்கொண்டு, அளவு கொடுக்க வருபவர்களைக் கட்டிலில் உட்காரவைத்து அலுத்துவிட்டது. ஷெட்டிலோ கணவரின் பழைய கார் குடியிருந்தது. கிளப்பினால் இருமும், மேடு வந்தால் மூச்சு வாங்கும்.

"வித்துடலாங்க" என்றால், "இந்த நிலைமையில யாரு வாங்குவா? சரிபண்ணிட்டு விப்போம்" என்பார் கணவர். சரிபண்ண ஆள் தேடியதாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, கணவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, அந்த அம்மாவே பானட்டைத் திறந்தார். தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டிய கைக்கு அது ஒன்றும் மலையாகத் தெரியவில்லை. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரால் தேய்த்துக் கழுவினார். தூசி அடைத்த ஏர் ஃபில்டரைத் தூக்கிப்போட்டுப் புதிது வைத்தார். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் புதியதை முறுக்கி, அதன் ஒயரைச் செருகிய பிறகே அடுத்ததைத் தொட்டார். ஆயிலையும் மாற்றினார். கார் கிளம்பிய சத்தத்தில் கணவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

தான் சரிபண்ணியதைக் கணவரிடம் சொல்லி, அந்த அம்மாவே ஆள் தேட, மறுவாரம் கார் வாங்க ஒருவர் வந்தார். கணவர் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது முகமே மாறியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார், விக்கிறதா இல்ல. தங்கமா ஓடுது. இதைப் போய் யாராவது விப்பாங்களா?"

"யாரு சார் டியூன் பண்ணது?"

"நம்ம கைதான்" என்றார் கணவர். நகக்கண்ணில்கூட அழுக்கில்லை.

"அப்ப என் வண்டியையும் பாருங்களேன்!"

அடுத்த ஞாயிறு வாசலில் இரண்டாவது கார் வந்து நின்றது. கணவர் உள்ளே ஓடிவந்து குழைந்தார். "ஏம்மா, நீ கொஞ்சம் பாத்துடேன். மானம் போகுது."

"அவசரமா ஒரு சட்டை முடிக்கணும். உங்க கைதானே, நீங்களே பாருங்க."

கணவர் தைரியமாகத்தான் ஆரம்பித்தார். சீக்கிரம் முடியட்டும் என்று எல்லா ஒயரையும் ஒரேயடியாகப் பிடுங்கினார். எது எந்தப் பிளக்குக்கு என்ற கேள்வி, திரும்பச் செருகும்போதுதான் எழுந்தது. மனதுக்குத் தோன்றியபடி செருகிச் சாவியைத் திருப்பினார். டமார்!

"சார், வரும்போது நல்லாத்தானே ஓடுச்சு?" என்று வெளியே குரல் உயர்ந்தது.

தையற்காரம்மா காலரைத் தைத்து முடித்து, நூலை வெட்டிவிட்டு நிதானமாக வந்தார். ஒயர்களின் நீளத்தைப் பார்த்தே இடம் கண்டுபிடித்து மாட்டினார். வண்டி சாதுவாகக் கிளம்பியது. வந்தவர் அந்த அம்மாவையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கணவர்தான் முதலில் சுதாரித்தார்.

"எல்லாம் நான் பழக்கி விட்டது சார்."