வளையலுக்கு அழுத பிள்ளை

ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ஒக்கலிபுரத்தில் என் மகனைப் போல் நல்ல பிள்ளை கிடையாதாம். அழமாட்டான், யார் தூக்கினாலும் போவான். "கொடுத்து வெச்சவ" என்பார்கள் என்னை. எனக்கு வயிறு எரியும். எல்லோரிடமும் போகிற பிள்ளைக்கு அம்மா யாரென்று தெரிந்திருக்கிறதா என்று ஒருத்திக்காவது கேட்கத் தோன்றவில்லை.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. சாயங்காலம் வாசலில் நின்று சோறூட்டுவோம். நாத்தனார் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதோ பாரு ரயிலு!" என்று கையை நீட்டுவாள். அவள் என் மகனைவிடச் சின்னவள். ரயிலைப் பார்ப்பாள், திரும்பி அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் கையை நீட்டுவேன். என் மகன் என் கண்ணாடி வளையலைப் பார்ப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஸ்டேஷனில் எஞ்சின் ஊதினால் உடனே திரும்புவான். காதில் கோளாறில்லை.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். "கொழந்தையக் கொஞ்சறது உண்டாம்மா? தாய் ஒட்டாம இருந்தா பிள்ளையும் ஒட்டாது" என்றார். என் கணவர் தலையாட்டினார். பிள்ளை பிறவியிலேயே அப்படி, தாய்மேல் பிழையில்லை என்று பிற்காலத்தில் வேறு டாக்டர்கள் சொன்னார்கள். அதைக் கேட்க என் கணவர் உயிரோடு இல்லை. அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாத்தனார்தான் வழி சொன்னாள். "வளையல் மேலதான் அவனுக்குக் கண்ணு. கழட்டி வெச்சுட்டுக் கூப்புடு. அப்புறம் உன் மூஞ்சிய விட்டா வேற எதப் பாப்பான்?" வெறுங்கை ஆகாதென்று மணிக்கட்டில் மஞ்சள் நூலும் கட்டிவிட்டாள். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது.

மடியில் உட்கார வைத்து, "கண்ணா" என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தேடினான். பிறகு அழுதான். நான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்காக ஒரு தடவை அழாத பிள்ளை, தொண்டை கட்ட அழுதான்.

வளையலைப் போட்டுக்கொண்டேன். அழுகை நின்றது. வளையலைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். என் முகம் பக்கத்திலேயேதான் இருந்தது. அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அறுபதுகளில் கணவர் போனபோது, சடங்குக்காக வளையலை உடைக்க வந்தார்கள். நான் கையைக் கொடுக்கவில்லை. வெட்கம் கெட்டவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என்னிடத்தில் என் மகனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் உடைத்துவிட்டால் நான் அவனுக்கு யார்?