டீசலுக்குக் கிடைத்த நாலரை ஸ்டார்

எங்கள் தெருவில் உயிரோடு இருக்கும்போதே ஜீவசமாதி ஆனவர் ராமதாஸ் மாமா ஒருவர்தான். அதற்கு அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, வாயில் பேஸ்ட் நுரையோடு அவர் கேட் பக்கம் நின்றிருந்தார். வெளியூர்க்காரப் புருஷனும் பெண்டாட்டியும் வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள்.

“சாமி சமாதி உள்ளதானுங்களே?”

அந்த ஆள் கையிலிருந்த போன், நீங்கள் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னது.

“எந்த சாமி?” என்றார் மாமா.

“ராமதாஸ் சாமிங்க.”

மாமா நுரையைத் துப்பினார். “நான்தான்யா ராமதாஸு. இன்னும் சாவல.”

புருஷன் பெண்டாட்டி காதில், “ஜீவசமாதின்னா அப்படித்தான் இருப்பாங்க” என்றான். இருவரும் தெருமண்ணிலேயே விழுந்து கும்பிட்டார்கள். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மாமா எப்படி ஆசீர்வாதம் செய்வார்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, கஃபேக்களும் வாடகை ரூம்களும் முடிகிற இடத்தில் உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. மாமா வீடு எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. கேட்டில் “ராமதாஸ்” என்று லாரிக்கு எழுதுகிற பெயிண்டரை வைத்துப் பூ, மயில் எல்லாம் போட்டு எழுதியிருப்பார். அவர் லாரி டிரைவர். இடுப்பு கெட்டுப்போய் ஸ்டீயரிங்கை விடுகிற வரைக்கும் வேறு வேலை தெரியாது. அவர் திட்டினால் முதலில் எருமை, கழுதை என்று கால்நடைகளில் ஆரம்பித்து, அப்புறம் அப்பன் தாத்தாவுக்குப் போய், கடைசியில் இன்னும் பிறக்காத பிள்ளைகளிடம் வந்து நிற்கும். எங்கள் கிரிக்கெட் பந்து அவர் காம்பவுண்டில் விழுந்தால் இரண்டாகத் திரும்பி வரும். பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தராத தமிழை எல்லாம் நான் அவரிடம்தான் கற்றேன்.

அவரோடு லாரியில் ஓடியது டீசல். நாயின் பெயர் அது. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ரோட்டோர ஓட்டல் வாசலில், டீசல் கொட்டிய சேற்றில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்தாராம். கிளீனர் பையன்கள் வருவார்கள், மாமாவின் வாய்க்குப் பயந்து ஓடிவிடுவார்கள். டீசல் மட்டும் கேபினில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து கடைசிவரை வந்தது. வயதாகிச் செத்தபோது கொய்யா மரத்துப் பக்கம் புதைத்தார். பாத்ரூம் கட்டியதில் மிஞ்சின சிமெண்டைக் குழைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கட்டினார். காற்றுக்கு அணையாமல் விளக்கு வைக்க அதில் ஒரு சின்ன மாடமும் விட்டார். டீசலை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. ஞாபகத்துக்கு அந்த மேடு ஒன்றுதான்.

சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியை மேட்டுப் பக்கத்தில் போட்டு, டீ கிளாஸோடு உட்கார்ந்துவிடுவார். பேசுவார். எங்கள் மாடியிலிருந்து கேட்கும். டோல்கேட்டில் பிடுங்குகிறார்கள் என்பார், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பார், என் பெயரைச் சொல்லி, “அந்தப் பக்கத்து வீட்டுக் கழுதை இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போவல டீசலு” என்று புகார் கொடுப்பார். அவர் யாரையும் திட்டாமல் பேசுகிற நேரம் அது ஒன்றுதான். எங்கள் தெருவில் யாரும் அந்த நேரத்தில் அந்த கேட்டைத் தட்டமாட்டோம்.

யாரோ ஒரு புண்ணியவான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து மேட்டையும் விளக்கையும் படம் பிடித்து, கேட்டில் இருந்த பெயரையும் சேர்த்து மேப்பில் போட்டிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் மேடும் விளக்கும் ஒன்றாகத் தெரிந்தால் முதலில் கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் யாருடையது என்று கேட்பார்கள்.

அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் போனதும் மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“டேய், வெளிய வாடா! நீதானடா பண்ண?”

“நான் இல்ல மாமா. சத்தியமா.”

“இந்தத் தெருவுல இந்த மாதிரி வேலைக்கு வேற எவன்டா கீறான்?”

என் அம்மாவும் அவர் பக்கம்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தப்பு செய்யாமல் இருந்தேன். நம்ப ஒரு ஆள் கிடைக்கவில்லை. குற்றவாளியைக் கொண்டுபோவதுபோல என் சட்டையைப் பிடித்து ரோட்டு மேல் இருக்கிற புகழேந்தி அண்ணன் மொபைல் கடைக்கு இழுத்துப்போனார்.

புகழேந்தி அண்ணன் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். “நாலரை ஸ்டார் இருக்குதுண்ணே! என் கடைக்கே மூணுதான்.”

“அதை எடுத்துடுடா.”

“நம்மளால எடுக்க முடியாதுண்ணே. இப்படி ஒரு இடமே இல்லன்னு எழுதிப் போடலாம். அவங்க பாத்து எடுப்பாங்க.”

“எவங்க?”

“மேப்புக்காரங்க.”

“ஆபீஸ் எங்க? நேர்ல போய்ப் பேசிட்டு வரேன்.”

“ஆபீஸ்ல போய் யாரைண்ணே பாப்பீங்க? மிஷினே படிக்கும், மிஷினே பதில் போடும்.”

“மிஷினுக்கு என் வீட்ல இன்னாடா வேலை?”

புகழேந்தி அண்ணன் எழுதிப் போட்டார். அடுத்த நாள் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, தற்போது ஏற்க இயலவில்லை என்று. மறுபடி போட்டார். மறுபடியும் நன்றி.

“வரவங்க போன் எல்லாம் உங்க வீட்டு வாசல்ல நிக்குது பாருங்க, அது மிஷினுக்குத் தெரியும்ணே. இவ்வளோ பேர் வந்து நிக்கறப்ப இடம் இல்லன்னா எப்படி நம்பும்?”

“நான் அங்கயே குடியிருக்கேன்டா. நான் சொன்னா நம்பாதா?”

“நீங்க ஒருத்தர்தானண்ணே.”

மாமா ஒரு அட்டையில் “இது ஜீவசமாதி இல்லை. வீடு” என்று எழுதி கேட்டில் கட்டினார். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர், உடம்புதான் வீடு, அதைத்தான் சாமி சொல்கிறார் என்று கூட வந்தவர்களுக்கு விளக்கினார். மாமா அட்டையைக் கிழித்துப் போட்டார். கிழித்த துண்டையும் ஒரு பெண் எடுத்துப் பர்ஸில் வைத்தாள்.

அப்புறம் திட்ட ஆரம்பித்தார். முழு மூச்சாக, லாரி நாட்களில் திட்டினமாதிரி. அங்கேதான் மோசம் போனார். சித்தர் திட்டினால் வினை தீரும், கல்லால் அடித்தால் இன்னும் விசேஷம் என்று நம்புகிற ஊர் இது. “சாமி என் மூன்று தலைமுறையையும் திட்டினார். மனசு லேசாகிவிட்டது” என்று ஒருவன் எழுதி ஐந்து ஸ்டார் போட்டான். அதைப் படித்துவிட்டு, திட்டு வாங்குவதற்கென்றே ஒரு வேன் வந்தது.

ஒரு வெள்ளைக்காரப் பெண் தினமும் வந்து மேட்டு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மாமா அவளிடம், “ஏம்மா, உனக்கு வூடு வாசல் இல்லியா? உன் ஆத்தாளைப் போய்ப் பாரு, போ!” என்று கத்தினார். அவள் போனை நீட்டினாள். போன் அதைக் கேட்டு, அவள் பாஷையில் மிகவும் பணிவான குரலில் சொன்னது. அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அம்மாவோடு பேசி வருஷக்கணக்காகிறதாம். போன் அதையும் தமிழில் சொன்னது. மாமாவுக்குக் கை கால் ஓடவில்லை. சரசு அத்தை, அதுதான் மாமாவின் மனைவி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிப் போய் இவ்வளவு நீளத்துக்கு எழுதினாள். வேன்கள் இரண்டாயின.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டார். “யோவ், உள்ள கீறது நாய்யா! என் நாய்!”

கூட்டம் கப்பென்று அடங்கியது. எனக்கே மாடியில் சந்தோஷம், முடிந்தது கதை என்று. அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “பைரவரே!” என்றார்.

மறுநாள் மேப்பில் பெயர் மாறியிருந்தது. பைரவ சித்தர் ராமதாஸ் சுவாமிகள் ஜீவசமாதி.

அந்த வாரம் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலிக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டார்கள். சாயங்காலம் டீ கிளாஸோடு வெளியே வந்தவர் அதைப் பார்த்தார். மேட்டைச் சுற்றி ஆட்கள். டீயை அப்படியே எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அங்கேயும் உட்காரவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஊருக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டார்.

“மனுஷன் பேசறதே இல்ல” என்று சரசு அத்தை சுவருக்கு இந்தப் பக்கம் என் அம்மாவிடம் சொன்னாள். “சாம்பார்ல உப்பே போடாம வெச்சேன். ஒண்ணும் சொல்லாம துன்னுட்டுப் போறாரு.”

அப்போதுதான் அந்த ரீல் வந்தது. மனிதக் குரலே இல்லை, மிஷின் குரல். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இமயத்திலிருந்து நடந்து வந்த சித்தர் என்று ஆரம்பித்தது. மிஷினே வரைந்த படத்தில் ஜடாமுடியோடு ஒருவர், காலடியில் புசுபுசுவென்று ஒரு வெள்ளை நாய். வருகிற பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் தவறாமல் தரிசிக்க வேண்டிய இடம் என்று முடிந்தது. நான்தான் மாமாவிடம் காட்டினேன். தன் தலையில் ஜடாமுடி முளைத்ததைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாயைத்தான் பார்த்தார்.

“இது எவன் வூட்டு நாய்டா? டீசலுக்கு ஒரு காது மடிஞ்சி இருக்கும். கறுப்புடா அவன்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உங்க வூட்ல கடப்பாரை கீதா?” என்றார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, சரசு அத்தை குறுக்கே வந்து நின்றாள். “ஏங்க, வேணாங்க. கொஞ்ச நாள் போனா அதுவா அடங்கிடும்.”

“அடங்காது சரசு. நாளைக்கு எவனாவது கூரை போடுவான். அப்பால உண்டியல் வெப்பான். அப்பால நம்மளையே வெளிய போன்னுவான். டீசல இவனுங்ககிட்ட வுட்டுட்டு நான் எங்க போறது?”

அத்தை ஒதுங்கிக்கொண்டாள். முதல் இரண்டு தடவை கடப்பாரை மண்ணில்தான் விழுந்தது. குறி தவறுகிற ஆள் இல்லை அவர். மூன்றாவதுதான் மேட்டில் இறங்கியது. கஞ்சத்தனம் பார்க்காமல் சிமெண்டை ஜாஸ்தி போட்டுக் கட்டியது, லேசில் பெயரவில்லை. வியர்வை வழிய வழிய இடித்தார். மாடம் மட்டும் உடையாமல் தனியாக வந்தது. அதை அத்தை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

பாதியில் ஒரு வாலிபன் கேட்டைத் திறந்து வந்தான். இடிந்து கிடந்ததில் ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “சாமி, பூஜை ரூம்ல வெக்க இதை எடுத்துக்கட்டுங்களா?”

நான் மாடியில் காதைத் தீட்டிக்கொண்டேன். இவனுடைய பிறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் இன்றைக்கு இருக்கிறது என்று.

மாமா கடப்பாரையைச் சாய்த்து வைத்தார். “கீழ வெச்சிடுங்க தம்பி. அது என் நாய்க்குக் கட்டினதுங்க.”

தம்பியாம். ங்க-வாம். பிறந்ததிலிருந்து அந்த வாயில் நான் ‘ங்க’ கேட்டதில்லை. அவன் துண்டை வைத்துவிட்டுப் போனான். நான் இறங்கி ஓடி, தெருமுனையில் அவனைப் பிடித்து, மாமா திட்டவேண்டியதை எல்லாம் நானே ஒன்றுவிடாமல் திட்டிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் மேப்பில் முதல் ஒற்றை ஸ்டார் விழுந்தது. “சாமியிடம் சக்தி எதுவும் தெரியவில்லை. தெருப் பையன்களுக்கு மரியாதை தெரியாது.”

மத்தியானம் புகழேந்தி அண்ணன் வந்து வெறும் தரையைப் படம் எடுத்தார். போனை நோண்டிக்கொண்டே தயங்கினார்.

“அண்ணே, இடமே இல்லன்னு போட்டா இப்பவும் ஒத்துக்காது. ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ன்னு ஒண்ணு கீது. அதைப் போடட்டா?”

மாமா காலால் ஒரு சிமெண்ட் துண்டை ஓரமாகத் தள்ளினார். “போடு.”

அத்தனை நாள் எதற்கும் மசியாத மிஷின், அதை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் ஒத்துக்கொண்டது. சிவப்பு எழுத்தில் போட்டது. கீழே, உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்றது.

“நன்றி சொல்லுது பாரு” என்றார் மாமா.

பௌர்ணமிக்கு வந்தவர்களில் சிலர் தெருமுனை வரை வந்தார்கள். போனைப் பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள். நாலைந்து நாளில் தெரு பழையபடி ஆனது. சரசு அத்தை நாற்காலியின் மஞ்சளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள்.

சாயங்காலம் மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடித்த இடத்தை மண் போட்டு நிரவி, மேலே மழையும் பெய்து, எல்லாம் ஒரே தரையாகக் கிடந்தது. நாற்காலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இங்கதான சரசு?”

“இன்னும் கொஞ்சம் கொய்யா பக்கமா போங்க.”

“கொய்யாகிட்ட தலை. நான் கால் பக்கம் கேக்கறேன்.”

“தலையா? தலையை ரோட்டப் பாத்துதான வெச்சோம்.”

“ரோட்டப் பாத்து எதுக்குடி வெப்பேன்? ஆரன் சத்தத்துக்கு எழுந்துக்கவா?”

“வண்டி போனா பாத்துகினு கெடக்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க!”

நாற்காலியைப் போட்டார், எடுத்தார், தள்ளிப் போட்டார். அத்தை கையிலிருந்த டீயில் ஆடை கட்டிவிட்டது. புதைத்த அன்று நானும் மாடியில்தான் இருந்தேன். ஆனால் சாக்கில் சுற்றியிருந்தார்கள். எது தலை, எது கால் என்று எனக்குத் தெரியாது.

மாமா மேலே நிமிர்ந்து பார்த்தார். “டேய், நீ பாத்தல்ல? எந்தப் பக்கம்டா?”

“ரோட்டப் பாத்துதான் மாமா” என்றேன். “நல்லா ஞாபகம் இருக்கு.”

“பாத்தீங்களா?” என்றாள் அத்தை.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அத்தையிடமிருந்து டீயை வாங்கிக்கொண்டார். அப்புறம் தலையைத் தூக்காமலே, “இன்னும் இன்னாடா வேடிக்கை, எருமை? இறங்குடா கீழ” என்றார்.

இறங்கினேன்.