கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன்

நீஷ் நகரத்தில் வீடு மாற்றுகிறவர்கள் மிலுதினைத்தான் கேட்டு வருவார்கள். நூற்று அறுபத்திரண்டு கிலோ உடம்பு. பியானோவோ இரும்பு அடுப்போ, மாடிப்படியில் ஏற்றும்போது மேலே இருப்பவன் வழி பார்ப்பான். பாரம் கீழே இருப்பவன்மேல் இறங்கும். பதினான்கு வருடமாக மிலுதின்தான் கீழே. தோள்வாரை மாட்டிக்கொண்டு உடம்பைச் சாய்த்து நின்றுவிட்டால் பியானோ இம்மியும் நகராது. மேலே ராதோஷ். வெறும் கூட்டாளி இல்லை, மிலுதினின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் 'கூமே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அந்த உடம்பே மிலுதினைத் தின்றுகொண்டிருந்தது. சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால், மனைவி நெவெங்கா தூங்காமல் அவனை உலுக்கிக்கொண்டே கிடந்தாள். கடைசியில் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். நான்கு மாதத்தில் நாற்பத்தைந்து கிலோ குறைந்தது. வேலைக்குப் போகலாம், ஆனால் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், வேளை தவறாமல் சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்த அன்று முதலாளி வுகாஷின் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சந்தையில் நோஞ்சான் குதிரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மிச்சத்த எங்கடா வச்சிட்டு வந்த?" என்றார்.

லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராதோஷும் சிரித்தான்.

அதன்பிறகு தினமும் ஏதாவது ஒன்று. நெய் வழியும் புரெக் அப்பத்தை அவன் முன்னால் பிரித்து வைப்பார்கள். நான்கு வாய்க்குமேல் இறங்காமல் அவன் தள்ளி வைத்தால், குருவிக்கு வயிறு நிரம்பிவிட்டது என்பார்கள். ஒருநாள் லாரி கிளம்பும் அவசரத்தில் அவனுக்கு நீட்டிய காபியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். வெட்டிய இரைப்பை அதைத் தாங்காமல் பத்து நிமிடத்தில் வியர்த்து ஊற்றி, நெஞ்சு படபடத்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க எவ்வளவு நேரமாகும் என்று அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் பயந்தது வேறொன்றுக்கு. முன்பு சாய்ந்தாலே போதும். இப்போது கால்களால் தாங்க வேண்டியிருந்தது. அவன் விட்ட சுமையெல்லாம் ராதோஷின் இடுப்பில் போய் ஏறியது.

"வயித்த வெட்டுனது உனக்கு. வலி எனக்கா?" என்றான் ராதோஷ்.

அதில் பொய்யில்லை. பயிற்சி செய்கிறேன், இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்று மிலுதின் கெஞ்சினான்.

அக்டோபரில் ஒரு பியானோ. நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. மூன்றாவது ஆள் வேண்டுமென்று மிலுதின் கேட்டதற்கு, இரண்டு பேர் போதும் என்றுவிட்டார் வுகாஷின். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மிலுதினின் தொடை நடுங்கத் தொடங்கியது.

"கூமே, நில்லு. கீழ வைக்கணும்."

பியானோ மேலே நகர்ந்துகொண்டே இருந்தது.

"நில்லுன்னு சொல்றேன்ல."

ராதோஷ் அடுத்த படியில் கால் வைத்து இழுத்தான். பியானோ ஒருபக்கமாகச் சரிந்து மிலுதினைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. தன் விலா முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்து பியானோவின் காலைத் தடவி, கீறிவிட்டார்களே என்று அழுதாள்.

மூன்று விலா எலும்பு போயிற்று. பழைய வெட்டுத் தழும்பின் வழியே குடல் பிதுங்கியதால் மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். ஐந்தாம் நாள் ராதோஷ் ஒரு தாளோடு வந்தான். மிலுதின் தானாகவே வேலையை விட்டு விலகுவதாக அதில் எழுதியிருந்தது. கட்டிலோரம் மீந்திருந்த வேகவைத்த ஆப்பிளை எடுத்துத் தின்றபடி, கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்றான்.

"நான் நில்லுன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"முதலாளிதான் நிக்காதன்னு சொல்லியிருந்தாரு. ஒருவாட்டி பயந்தா நீயே போயிருவன்னாரு. இவ்வளவு ஆகும்னு நெனக்கல." கிண்ணத்தை வழித்தான். "எனக்கும் முதுகு இருக்குல்ல கூமே."

மிலுதின் பேனாவை வாங்கினான். தாளைத் திருப்பி, ராதோஷ் சொன்னதை அப்படியே எழுதி, கீழே அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னான். ராதோஷ் படித்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

கம்பெனியில் விசாரணை நடந்தது. நில்லு என்று யாரும் சொல்லவில்லை என்றான் ராதோஷ், மிலுதினின் முகத்தைப் பார்த்தபடியே. அந்த அம்மாளுக்குப் பியானோவைத் தவிர எதுவும் ஞாபகமில்லை. பலவீனத்தை மறைத்து வேலைக்கு வந்தவன் என்று எழுதி அவனை நீக்கினார்கள்.

எலும்பு கூடியதும் வேறு இரண்டு கம்பெனிகளில் போய் நின்றான். ஒருவர் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்தார், ஆளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் நல்லவர், தேநீர் கொடுத்துச் சொன்னார்:

"பழையபடி உடம்பத் தேத்திக்கிட்டு வா. கண்டிப்பா எடுத்துக்கறேன்."

மிலுதின் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு மடக்குத் தேநீர் குடித்து, மீதியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.