படங்கு கட்டிய ஓர்கன்காரி

டிலானியின் கால்கள் சும்மா இருக்காது. தெமோதரையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், இரண்டு கால்களும் சீட்டுக்கு அடியில் தம்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். இடது காலின் நுனி, வலது காலின் குதி, மறுபடியும் இடது. ஒரு நாள் முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பி, பிள்ளைக்குக் கால் குடைச்சலா என்று அக்கறையாக விசாரித்தார். இல்லை, பாட்டு வாசிக்கிறேன் என்றாள் இவள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

அவள் சொன்னது உண்மைதான். பதுளைப் பேராலயத்தின் இசைப் பிரிவில் ஓர்கன் பழகுகிறவள் அவள். நம் பக்கத்தில் சின்னக் கீபோர்டையும் ஓர்கன் என்றுதான் சொல்வோம், இது அதுவல்ல. வெளிநாட்டுக் கோயில் பங்கு ஒன்று கப்பலில் அனுப்பிவைத்த, மேசை அளவுள்ள பெரிய ஓர்கன். கைக்கு இரண்டு அடுக்குக் கட்டைகள். கீழே காலுக்கு, ரயில் பாதையில் கிடக்கும் சிலிப்பர்களைப் போல வரிசையாக மரக்கட்டைகள். பாட்டின் அடிக்குரலைக் கால்தான் வாசிக்க வேண்டும். வலது கை ஒன்று சொல்லும், இடது கை வேறொன்று சொல்லும், கால் தன் வழியே போகும். அதுவும் குனிந்து பார்க்காமல்.

அவளோடு சேர்ந்து பழகத் தொடங்கியவர்கள் இரண்டு டவுன் பையன்கள். ஒருவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். மற்றவன் முதுகு வலிக்கிறது என்று நின்றுவிட்டான். டிலானிக்கும் முதுகு வலித்தது. அதைவிட இடது கைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கால் இறங்கினால் கையும் கூடவே இறங்கும், கால் ஏறினால் கையும் ஏறும். மாதக்கணக்கில் அந்தக் கையோடு சண்டை பிடித்தாள். ஜேசன் மாஸ்டர் மெல்லிய அடியுள்ள சப்பாத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவள் மறுத்து வெறுங்காலோடு வாசித்தாள். கட்டையின் ஓரம் தோலில் பட்டால்தான் தனக்கு இடம் தெரிகிறது என்றாள்.

ஜேசன் மாஸ்டர்தான் இசைப் பிரிவுக்குப் பொறுப்பு. முப்பது வயதுதான் இருக்கும். கொழும்பில் முறையாகப் படித்தவர். வித்தை நிறைய, தைரியம் குறைவு. பங்குச் சாமிக்குப் பயம், பாடகர் குழுவை நடத்தும் பிலோமினா டீச்சருக்கு அதைவிடப் பயம். ஆனாலும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பெருவிழாப் பூசையைத் தொடக்கம் முதல் கடைசி வரை கையாலும் காலாலும் வாசித்துவிட்டால், அன்றையிலிருந்து பேராலயத்தின் ஓர்கன் டிலானிக்கு. முடியாவிட்டால் கண்டியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு வார நாள் பூசையும் சின்னக் கீபோர்டும்தான். பங்குச் சாமியும் அதற்குச் சம்மதித்திருந்தார்.

டிலானியின் அம்மா மரியகொரட்டி கொழுந்து பறிக்கிறவள். விடிந்ததும் சேலையை முழங்காலுக்குக் கீழ்வரை தூக்கிச் செருகி, அதன்மேல் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கி, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். படங்கு என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை, வெட்டிப் பிரித்த சாக்குதான். தேயிலைச் செடியின் குத்தலிலிருந்து காக்கும், சேலையை அவிழாமல் பிடித்துவைக்கும், சரிவில் காலை எட்டிப்போட விடும். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக அதைக் கட்டிக்கொண்டுதான் இந்த நாட்டுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள்.

சின்ன வயதில் ஒரு நாள் டிலானி விளையாட்டுக்கு அந்தப் படங்கை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு லயத்து வரிசை வீட்டு வாசலில் கொழுந்து பறிப்பதுபோல் ஆடினாள். வேலை விட்டு வந்த மரியகொரட்டி அதைக் கண்டாள். படங்கை உருவி எறிந்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். மகளை அவள் அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"இது என் இடுப்போட போகணும். உன் இடுப்புல ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அடித்தவளே உட்கார்ந்து அழுதாள்.

அதன்பிறகு படங்கு கதவுக்குப் பின்னால் உயரத்தில் ஓர் ஆணிக்குப் போய்விட்டது. டிலானி அதைத் தொட்டதில்லை. அதை எப்படிக் கட்டுவது என்றும் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அம்மாவின் இன்னொரு பழக்கம்தான் டிலானிக்கு எரிச்சல் மூட்டும். டவுனுக்கு வந்தால் மரியகொரட்டி பாதியாகச் சுருங்கிவிடுவாள். கோயிலில் கடைசி பெஞ்சுதான். யார் எதைக் கேட்டாலும், தன்னைவிட இளையவர்கள் கேட்டாலும், தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க என்பாள். கேட்காத வரைக்கும் லயத்துப் பிள்ளை என்று நீயாகச் சொல்லிக்கொள்ளாதே என்று மகளுக்கும் புத்தி சொல்லி வைத்திருந்தாள்.

பெருவிழா நெருங்கியது. பாடகர் குழுப் பெண்கள் அனைவரும் நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்த வேண்டும் என்று பிலோமினா டீச்சர் அறிவித்தார். ஓர்கன் இருப்பது பீடத்துக்கு வலப்பக்கம், எல்லோர் கண்ணிலும் படும் இடம். போதாததற்குப் பூசை பேஸ்புக்கிலும் நேரடியாகப் போகும்.

ஒத்திகைக்கு டிலானி சேலையோடு வந்து உட்கார்ந்தாள். முழங்கால்கள் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டன. இடது கால் எட்ட வேண்டிய கட்டைக்கு எட்டவில்லை. சேலை விளிம்பு இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள, அதை இழுக்கப் போய், கோயிலே அதிரும்படி தப்பான அடிக்குரல் ஒன்று உறுமியது. பாடகர்கள் சிரித்தார்கள்.

அவள் எழுந்து டீச்சரிடம் போய்த் தன்மையாகத்தான் கேட்டாள். வெள்ளைத் துணியிலேயே அகலமான நீளப் பாவாடை தைத்துப் போட்டுக்கொள்கிறேன், நீலக் கரையும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"தோட்டத்துப் பழக்கத்த எல்லாம் இங்க கொண்டு வராத பிள்ள. இது பேராலயம்."

பாவாடைக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது டீச்சருக்கே வெளிச்சம். டிலானி வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். அவள் வாயை மூடினால் வயிறு எரிகிறது என்று அர்த்தம்.

ஜேசன் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். ஓர்கனில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டால் இடது கை வாசிப்பதே காலால் வாசிப்பதுபோலக் கேட்கும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பங்குச் சாமிக்குக்கூட வித்தியாசம் புரியாது என்றார்.

"யாருக்கும் தெரியாது டிலானி."

"எனக்குத் தெரியுமே மாஸ்டர்."

டிலானி பஸ் ஏறினாள். அன்றைக்கு அவள் கால்கள் சீட்டுக்கு அடியில் அசையவே இல்லை. தோட்டத்துப் பழக்கம் வேண்டாமாம். அப்படியா, அந்தப் பழக்கம் எப்படி இருக்கும் என்று காட்டிவிடுகிறேன் என்று தெமோதரை வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

பெருவிழா அன்று மரியகொரட்டி, தோட்டத்துச் சனத்தோடு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். காணிக்கைப் பவனியில் கொழுந்துக் கூடை கொண்டுபோகிற முறை அந்த வருடம் அவர்கள் தோட்டத்துக்கு. கூடையைத் தூக்கும் முறை அவளுக்கு. டிலானி வெள்ளைச் சேலையை உடுத்தி, உள்ளே கறுப்பு லெகிங்ஸ் போட்டு, ஆணியிலிருந்த படங்கைக் கயிற்றோடு எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். அப்பா சிங்கராயர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி தேத்தண்ணியைக் குடித்தார்.

பூசைக்கு மணி அடிக்கச் சற்று முன்னால், பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் அறைக்குள் போய்ச் சேலையைத் தூக்கிச் செருகினாள். மேலே படங்கைச் சுற்றிக் கயிற்றை முடிந்தாள். வெளியே வந்து ஓர்கனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற ஜேசன் மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிலோமினா டீச்சர் பாய்ந்து வந்து இது என்ன கோலம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"சேலைதான் டீச்சர். நீங்க சொன்ன அதே சேலை. மேல கட்டியிருக்கிறது தோட்டத்துப் பழக்கம்."

மணி அடித்துவிட்டது. பெருவிழாப் பூசை வைக்க வந்த ஆயர் வாசலில் நிற்கிறார். டீச்சரால் என்ன செய்ய முடியும்? டிலானி காலை இறக்கினாள்.

வருகைப் பாட்டில் கோயில் நிறைந்தது. கால்கள் நினைத்த இடத்துக்குப் போயின. இத்தனை மாதம் சீட்டுக்கு அடியில் ஊமையாக வாசித்ததெல்லாம் இப்போது சத்தமாக வெளியே வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சந்தோசம் தாங்கவில்லை. இடப்பக்கம் இருந்த தோட்டத்துப் பெண்களிடையே ஒரு சலசலப்பு ஓடியது. அவர்களுக்கு அந்தத் துணி என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நடுவில் புதுச் சேலையோடு அம்மா. மகளின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை.

அந்தக் குனிந்த தலையைக் கண்டபோதுதான் டிலானிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. டீச்சருக்கு அவள் பயப்படவில்லை, ஆயருக்கும் பயப்படவில்லை. ஆனால் அம்மா தனக்காக ஒரே ஒரு ஆசை வைத்திருந்தாள். அதை ஊருக்கு முன்னால் தூக்கி எறிந்துவிட்டோமோ என்று தோன்றியது.

பயம் வந்த நேரம் முடிச்சும் தளர்ந்தது. மகிமைப் பாட்டின் நடுவிலேயே கயிறு இளகுவது தெரிந்தது. பிரசங்க நேரத்தில் அவிழ்த்து மறுபடி கட்டினாள். சப்பாத்து நாடாவுக்குப் போடும் முடிச்சு ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், அதையே போட்டாள். காணிக்கைப் பாட்டு தொடங்கி முதல் அடி முடிவதற்குள் அதுவும் விட்டுப் போயிற்று. படங்கு பெஞ்சில் சரிந்தது, சேலை அவிழ்ந்து கால்கட்டைகள்மேல் விழுந்தது. காலை எடுத்தால் உறுமும், வைத்தால் மாட்டும். அடிக்குரல் நின்றுபோய்க் கை வாசிப்பது மட்டும் மெலிதாகக் கேட்டது. ஜேசன் மாஸ்டரின் விரல் அந்தப் பொத்தானைத் தேடி வந்தது. டிலானி முழங்கையால் அதைத் தள்ளிவிட்டாள்.

அதே நேரம் காணிக்கைப் பவனி நடந்து வந்துகொண்டிருந்தது. அப்பம், திராட்சை இரசம், பழத்தட்டு, கடைசியில் கொழுந்துக் கூடை. கவனித்தீர்களா, கொழுந்து பீடம்வரை வரலாம். ஆயர் அதைக் கையால் தொட்டு ஆசீர்வதிப்பார். படம் எடுப்பார்கள். அந்தக் கொழுந்தைப் பறிக்கக் கட்டுகிற படங்கு மட்டும் கோயிலுக்கு அவமானமாம். எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மரியகொரட்டி கூடையை ஆயரிடம் கொடுத்துக் கும்பிட்டாள். மற்றவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. பீடத்துக்கு முன்னால், அத்தனை சனமும் பார்க்க, வலப்பக்கம் நடந்தாள். பேஸ்புக்குக்குப் பிடித்துக்கொண்டிருந்த போன் அவள் பின்னாலேயே போனது.

டிலானி அம்மா வருவதைப் பார்த்தாள். விளக்குமாறு ஞாபகம் வந்தது. உருவி எறியத்தான் வருகிறாள் என்று நினைத்தாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை, பாட்டை நிறுத்தவில்லை.

மரியகொரட்டி குனிந்து, சரிந்து கிடந்த படங்கை எடுத்து உதறினாள். மகளின் சேலையைச் சுருட்டித் தூக்கி இடுப்பில் செருகினாள். இலேசாக எழும்பு என்று தட்டினாள். கை கட்டையை விடாமலே டிலானி எழும்பினாள். படங்கு இறுக்கமாக ஒரு சுற்று வந்தது. கயிறு இரண்டு சுற்று, ஓர் இழுப்பு, நுனி உள்ளே போயிற்று. எல்லாம் பாட்டின் ஒரு வரிக்குள் முடிந்துவிட்டது. காலையில் கண்ணைத் திறக்காமலே செய்து பழகிய கை அது.

"கட்டத் தெரியாம எதுக்குடி கட்டுற" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ம், இப்ப மிதி."

டிலானி மிதித்தாள். பாட்டின் மூன்றாம் அடி ஓர்கனின் அடிவயிற்றிலிருந்து எழுந்தது. பெஞ்சுகள் அதிர்ந்தன. கடைசி வரிசை வரைக்கும் தோட்டத்துப் பெண்கள் குரலை உயர்த்திப் பாடினார்கள். மரியகொரட்டி தன் இடத்துக்குப் போகவில்லை. பூசை முடியும்வரை ஓர்கனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நன்மை அப்பம் வாங்கக்கூட அங்கிருந்துதான் போய், அங்கேயே திரும்பி வந்தாள்.

கடைசிப் பாட்டும் முடிந்தது, கையும் காலும் சேர்ந்தே முடித்தன. ஜேசன் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓர்கனின் சாவியை எடுத்து டிலானியின் பாட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தார். அவருக்கு அன்றைக்கு அவ்வளவு தைரியம் வந்திருந்தது. பிலோமினா டீச்சர் ஆட்களை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். டிலானி பதில் சொல்ல எழுந்தாள். அதற்குள் மரியகொரட்டி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். டவுனில் தலை நிமிர்ந்து ஒருவரையும் பார்த்திராதவள், டீச்சரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இவளுக்கு நாந்தாங்க கட்டிவிட்டேன். கேக்கிறத என்கிட்டக் கேளுங்க."

டீச்சர் வந்த வழியே திரும்பிப் போனார்.