மெஹர் போடாத கையெழுத்து

சென்ற வெள்ளிக்கிழமை காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் படித்த முதல் செட் மாணவி தேவகி. "மேடம், மெஹர் மேடம் போயிட்டாங்க" என்றாள். சரி, சரி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தேன். அதற்குப் பிறகுதான், எப்போது, எப்படி என்று தேவகியிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்பது உறைத்தது.

பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் கொண்டுவருவதாகவும், பேராசிரியர் மெஹருன்னிசாவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றும் கேட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அவள் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். மரியாதையாக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு அந்நிய மனுஷியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. இருபத்தேழு வயதிலிருந்து கூடவே இருந்தவளை அப்படி எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் பொன்னேரிப் பக்கம் அந்தப் படிப்பை ஆரம்பித்தபோது கணிப்பொறி தெரிந்த ஆசிரியர் யாரும் அகப்படவில்லை. கணிதத்திலிருந்து என்னையும் புள்ளியியலிலிருந்து அவளையும் பிடித்துப் போட்டார்கள். இரண்டு பேரும் தற்காலிகம்தான். பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் அவளுடையது. அந்தத் தெருவிலிருந்து உத்தியோகத்துக்குப் போன முதல் பெண். குளிரூட்டிய அறையில் மூன்று இயந்திரங்கள் இருந்தன. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் கோயிலுக்குள் போகிற மாதிரி போவேன். அவள் தன் வீட்டு அடுப்படிக்குள் போகிற மாதிரி போவாள்.

முதல் செய்முறைத் தேர்வில், பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் புரோகிராமை இருபத்திரண்டு பேரும் பிழையில்லாமல் எழுதிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வீட் வாங்கிவரச் சொல்லலாமா என்று யோசித்தேன். மெஹர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இதையே கடைசியிலிருந்து முதலுக்கு அடுக்கிக் காட்டு என்றாள். ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும். நான்கு பேர் மாற்றினார்கள். மற்றவர்கள் அது நோட்டில் இல்லை என்றார்கள். உங்களில் யார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அவளோடு வாதாடினேன். பாடத்திட்டம் கேட்டதைப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், அதற்கு மேல் கேட்க நமக்கு என்ன அதிகாரம் என்றேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "மார்க்குன்னா இன்னா சரோ? இந்தப் புள்ளைக்கு இன்னா தெரியும்னு நமக்குத் தெரியணும். நமக்கே தெரியாம நூத்துக்கு நூறு போட்டுட்டு உக்காந்துருக்கோம்." பழவேற்காடு பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த பேருந்து வரும்வரை சண்டை போட்டோம். அந்த மாதிரிச் சண்டைக்காக இப்போது மனம் ஏங்குகிறது. என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை, எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இறுதியாண்டில் அவள் வைத்த தேர்வு உங்களுக்கு நினைவிருக்கும். பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் சிலதான் உண்டு. அதனால் இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு என்று மீனவர்கள் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பத்தில் பாடு நோட்டை வைத்திருந்த ஏழுமலையிடம் பெயர்களை எழுதி வாங்கிவந்து, ஒரு பருவத்துக்கான முறையை அச்சடிக்கும் புரோகிராம் எழுதச் சொன்னாள். பட்டியலில் குப்பன் என்ற பெயருக்கு எதிரே மட்டும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

அச்சடித்த தாள்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் கோட்டைக்குப்பம் போனோம். கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகில் சாய்ந்து உட்கார்ந்து ஏழுமலை கேட்க, மெஹர் ஒவ்வொரு தாளையும் படித்தாள். வகுப்பில் எப்போதும் முதலாக வரும் சம்பத்தின் தாள் பார்க்கவே அழகாக இருந்தது. பாதியில் ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினார். குப்பன் பெயர் எங்கே என்றார். குறி போட்டிருந்ததால் எடுத்துவிட்டு, மற்றவர்களை ஒரு இடம் மேலே ஏற்றிவிட்டதாகச் சம்பத் பணிவாகச் சொன்னான்.

"அவன் செத்துட்டான், அதான் குறி. ஆளு செத்தா பாடு எங்க போவும்? அவன் பொண்டாட்டி கீறா இல்ல? பேர எடுத்துட்டா அவ இன்னா பண்ணுவா?" என்றார் ஏழுமலை. குப்பனின் முறையில் அவன் தம்பி இறங்கி வலை கட்டுவான், மீன் அந்த வீட்டுக்குப் போகும் என்று பிறகு விளக்கினார்.

இருபத்தொரு பேர் குப்பன் பெயரை எடுத்திருந்தார்கள். மிச்சம் ஒருத்தி தேவகி. எளாவூர்ப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஏரியை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தாள். எழுத்துத் தேர்வுகளில் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணுகிறவள். அவளுடைய புரோகிராம் குப்பன் பெயர் வரை ஓடி, நின்று, ஒரு வரி அச்சடித்திருந்தது: இந்தக் குறி எனக்குப் புரியவில்லை, ஊரில் கேட்டுவிட்டுத் தொடரவும். ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பொண்ணு கேக்குது. கேட்டா சொல்லப்போறோம்" என்றார். மெஹர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து எல்லோரையும்விட அதிகமாக அவளுக்கு மார்க் போட்டாள். மெஹர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து வந்த தலைமைத் தேர்வாளர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாதியில் நிற்கும் புரோகிராம் முடியாத புரோகிராம், விதிப்படி தேவகி தோல்வி என்றார். புது மதிப்பெண் பட்டியல் தயாரானது. உள்தேர்வாளர்களான எங்கள் இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். இருவருமே மறுத்தால் மறுமதிப்பீட்டுக்குப் போகும். எங்கள் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு அப்போது முதல்வர் மேசைமேல் இருந்தது. மெஹர் பட்டியலைப் படித்துவிட்டு, மூடி கழற்றாத பேனாவை அதன்மேல் வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அவளுடைய இடம் காலியாக இருந்தது.

என் வேலை அந்த மாதமே நிரந்தரமானது. அவளுக்கு மூன்று வருஷம் இழுத்தடித்தார்கள். தோற்ற மகளை இனிப் படிக்க வைக்க முடியாது என்று தேவகியின் தகப்பனார் வீட்டோடு நிறுத்திவிட்டார். மெஹர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் பேருந்து ஏறிப் போய், சாயங்காலம்வரை அந்த வீட்டில் உட்கார்ந்து, மறுபடி பரீட்சை எழுத அவரைச் சம்மதிக்க வைத்தாள். தேவகி அடுத்த வருஷம் எங்கேயும் நிற்காமல் ஓடும் புரோகிராம் ஒன்றை எழுதிப் பாஸ் பண்ணினாள்.

கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை மெஹர் வழக்கம்போல வந்து, "இன்னாப்பா, சாப்டியா?" என்றாள். திட்டியிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றைக்கும் பேசவில்லை, ஓய்வு பெற்ற அன்றைக்கும் பேசவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் பண்ணுவேன். இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும், என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் முட்டிவலியைப் பற்றிச் சொல்வாள், நான் பேரனைப் பற்றிச் சொல்வேன். வைத்துவிடுவோம். அவள் குரல் இன்னொரு தடவை அந்த 'இன்னாப்பா' மட்டும் சொன்னால் போதும் என்றிருக்கிறது.

மூன்றாம் நாள் பழவேற்காட்டுக்குப் போனேன். வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த தேவகி, கூட்டம் குறைந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் கணினி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மன்னிப்புக் கேட்க நான் ஆரம்பித்தேன். அவள் தடுத்துவிட்டாள்.

"மெஹர் மேடம் எங்க வீட்டுக்கு வந்தப்ப நைனா முன்னாடியே கேட்டேன் மேடம், நீங்க ஏன் கையெழுத்து போட்டீங்கன்னு. 'சரோ தெரியாம போடல. பயந்து போட்டா. பயம் போயிடுச்சுன்னா சரியாப் பண்ணுவா'ன்னாங்க."

நாற்பது வருஷமாக எளாவூரில் ஒரு வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

பயம் எனக்குப் போகத்தான் செய்தது. எட்டு வருஷம் துறைத் தலைவராக இருந்தேன், யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷத்தோடு நின்றுபோன பாடு தேர்வைத் திரும்பக் கொண்டுவர என் ஒரு கையெழுத்துப் போதும். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மெஹருடையது என்று என்னிடம் இருப்பது, அன்று தேவகி சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள்தான். முதல் இரண்டும் சரி. அரை மார்க்குக்குக்கூட யாருக்கும் இரங்காதவள், மூன்றாவதில் எனக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டாள்.