திருவிழா போஸ்டருக்கு அடியில்

இன்று காலை நகராண்மைக் கழக கவுண்டரில் சண்டை போட்டேன்.

எங்கள் தாமான் குடியிருப்பின் திடலில் அடுக்குமாடி கட்டுவது பற்றிய ஆட்சேபக் கூட்டம் நேற்றே முடிந்துவிட்டதாம். எங்களில் ஒருவரும் போகவில்லை. மழைத் தண்ணீர் இறங்க அந்தத் திடல் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் மூடினால் வெள்ளம் எங்கள் வீடுகளுக்குள்தான் வரும்.

"அறிவிப்பே ஒட்டாம எப்படிம்மா கூட்டம் போட்டீங்க?"

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "ஒட்டியாச்சு அங்கிள். உங்க பாசார் போர்டுதான் லா இது."

பஸ் பிடித்து நேராகப் பாசார் சந்தைக்குப் போனேன். மீன் கடைச் சுவரில் இருந்த போர்டில், பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் அடித்த எங்கள் கோயில் திருவிழா போஸ்டர் இருந்தது. ஓரத்தை நகத்தால் கீறினேன். அடியில் அறிவிப்பு.

போஸ்டரை ஒட்டியவன் நான்தான். கீழே இருந்த மலாய்க் காகிதத்தை ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன்.

ஆனாலும் விடமாட்டேன். மீன் கடைச் சுவரில் ஒற்றைக் காகிதத்தை ஒட்டிவிட்டால் ஊருக்கே சொன்னதாகிவிடுமா?

மறு கூட்டம் கேட்டு நாளைக்கும் அதே கவுண்டருக்குப் போகிறேன். போஸ்டர் விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.